சாப்பிட்ட பத்தாவது நிமிடமே வயிறு கலக்கினால், அது அந்தச் சாப்பாட்டின் வேலைதானா?

குரோம்பேட்டை கார்த்தி | திங்கள், காலை 11.40

வணக்கம். ரெண்டு வருஷமாக இங்கே வந்து படித்துவிட்டு மட்டும் போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயசு 34. ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்க்குறி) என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. ரத்தம், மோஷன், ஸ்கேன், கொலனோஸ்கோபி எல்லாம் பார்த்துவிட்டு குடலில் வேறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு லூஸ் மோஷன் வகை.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நெய் விட்ட வெண்பொங்கல், ஒரு வடை, ஒரு ஃபில்டர் காபி. 8.10க்கு டம்ளரை வைத்தேன், 8.16க்கு வண்டி ஏறினேன். பல்லாவரம் தாண்டுவதற்குள் அடிவயிற்றில் பிசைய ஆரம்பித்துவிட்டது. மீனம்பாக்கத்தில் பின்கழுத்தில் வேர்வை, மேலே பிடித்திருந்த கைப்பிடி ஈரத்தில் வழுக்குகிறது, பக்கத்தில் நின்றவர் ஏதோ கேட்டார், காதில் விழவே இல்லை. பழவந்தாங்கல், பரங்கிமலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டே வந்து, கிண்டியில் குதித்து இறங்கி, படியேறி மெட்ரோ ஸ்டேஷன் டாய்லெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இது வாரத்தில் ரெண்டு மூன்று நாள் நடக்கிறது.

என் கேள்வி இதுதான். பத்து நிமிடத்தில் பொங்கல் அங்கே போய்ச் சேருமா? நான் இதுவரை என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றால், எதைச் சாப்பிட்டதும் இப்படி ஆகிறதோ அதை அன்றைக்கே விட்டுவிடுவேன். அப்படியே பூரி போச்சு, ரவா தோசை போச்சு, தக்காளி சட்னி, இட்லி எல்லாம் போச்சு, இன்றைக்குப் பொங்கல். மிச்சம் தயிர் சாதமும் ரஸ்க்கும்தான். எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறேன்.

ஆவடி மீனா | திங்கள், மதியம் 12.25

எனக்கும் அதே கதைதான் தம்பி, பத்து நிமிடம்கூட ஆகாது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கூப்பிட்டுவிடும். உடனே ஆகிறது என்றால் அந்தச் சாப்பாடு உடம்புக்கு ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? என் மாமியார் அதைத்தான் சொல்வார், வயிறு பொய் சொல்லாது என்று.

நங்கநல்லூர் செல்வி | திங்கள், மாலை 4.05

கார்த்தி, மீனா அக்கா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். நான் மருத்துவர் இல்லை. 14 வருஷமாக இதோடு குடித்தனம் நடத்துகிறவள், அதனால் தேடித் தேடிப் படித்தவள், அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் பொங்கல் பெருங்குடலுக்குப் போகவே முடியாது. கெட்டியான சாப்பாடு இரைப்பையை விட்டுப் பாதி இறங்குவதற்கே ரெண்டு மணி நேரம் பக்கம் ஆகும், நெய், எண்ணெய் கூடினால் இன்னும் தாமதம். அப்புறம் சிறுகுடலைக் கடக்க ரெண்டிலிருந்து ஆறு மணி நேரம். பெருங்குடலில் ஒரு நாள், ரெண்டு நாள்கூடக் கிடக்கும். நமக்கு வயிற்றுப்போக்கு வகை என்பதால் இதெல்லாம் வேகமாக நடக்கலாம், ஆனால் குரோம்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே முடிகிற வேலை இல்லை. இன்று கிண்டியில் வெளியே வந்தது நேற்றுச் சாப்பிட்டதும் முந்தாநாள் சாப்பிட்டதும்தான்.

அப்படியானால் பொங்கல் எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்தது. இரைப்பை விரிந்ததும் நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் பெருங்குடலுக்குச் சேதி போகும், மேலே புதுசு வருகிறது, கீழே இடம் விடு என்று. கேஸ்ட்ரோகோலிக் ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். நோய் இல்லாதவர்களுக்கும் உண்டு. கைக்குழந்தை பால் குடித்து முடித்த கையோடு துணியை நனைத்துவிடும், அந்தப் பால்தான் அதற்குள் இறங்கிவிட்டது என்று எந்த அம்மாவும் நினைப்பதில்லை. ஐபிஎஸ் இருக்கிறவர்களில் பலருக்கு இந்தச் சேதி ரொம்பப் பலமாகப் போய்விடுகிறது. காலையில் எழுந்த பிறகு பெருங்குடல் எல்லோருக்குமே சுறுசுறுப்பாக இருக்கும். சாப்பாட்டின் அளவும் கொழுப்பும் கூடக் கூட அது இன்னும் வேகம் எடுக்கும். நெய்ப் பொங்கல், எண்ணெயில் பொரித்த வடை, மேலே காபி, எல்லாம் வெறும் வயிற்றில். அந்த நேரத்தில் வேறு எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதே அளவு, அதே கொழுப்பு என்றால் இதேதான் நடந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டே போனால் ஒருநாள் தட்டில் ஒன்றுமே இருக்காது. நான் அந்த நிலைமைக்குப் போய்த் திரும்பியவள், 41 கிலோ இருந்தேன். உங்கள் ஆறு கிலோ எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததால்தான் எடை போனது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், மருத்துவரிடம் இந்த எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆவடி மீனா | திங்கள், மாலை 6.50

செல்வி, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் சாப்பிட்ட கீரை அன்றைக்கே வெளியே வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

நங்கநல்லூர் செல்வி | திங்கள், இரவு 7.30

அக்கா, முந்தின நாளும் கீரை சாப்பிட்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இதைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. நாலைந்து நாள் பீட்ரூட் பக்கமே போகாமல் இருந்துவிட்டு ஒரு நாள் மதியம் ஒரு கிண்ணம் பீட்ரூட் பொரியல் சாப்பிடுங்கள், மணியைக் குறித்து வையுங்கள், சிவப்பு எப்போது முதலில் தெரிகிறது என்று பாருங்கள். எனக்கு நல்ல நாளில் 26 மணி நேரம், மோசமான நாளில் 9. மோசமான நாளிலும் 9!

மயிலை டிகாக்‌ஷன் | திங்கள், இரவு 9.10

சரி, காபிக்கு வருவோம். எனக்குக் காபி குடித்தால் ஐந்து நிமிடத்தில் போக வேண்டும், கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். நான் பாலைத்தான் சந்தேகப்படுகிறேன். இதுவும் அந்த ரிஃப்ளெக்ஸ்தானா?

நங்கநல்லூர் செல்வி | திங்கள், இரவு 10.00

காபியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கே இருந்தது, ஏனென்றால் நம் ஊர் ஃபில்டர் காபி ஒரு டம்ளருக்குள் மூன்று விதமான நேரம் இருக்கிறது.

முதலாவது காபியே. 1990இல் பிரிட்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள், காபி குடித்த நாலாவது நிமிடத்திலேயே சிலருக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதி சுருங்க ஆரம்பித்தது. கஃபைன் நீக்கிய காபிக்கும் அதேதான், வெறும் வெந்நீருக்கு அப்படி ஆகவில்லை. எல்லோருக்கும் இப்படி ஆகாது, சிலருக்குத்தான், நீங்கள் அந்தச் சிலரில் ஒருவர் போல. இதில் பாலுக்கு வேலையே இல்லை.

ரெண்டாவது பால். அதில் இருக்கிற சர்க்கரையான லாக்டோஸ் ஜீரணமாகவில்லை என்றால் அரை மணியிலிருந்து ரெண்டு மணி நேரம் போல ஆகும், வயிறு கடமுடா என்று உருளும், அப்புறம் தண்ணியாகப் போகும். கால் லிட்டர் பாலில் 12 கிராம் பக்கம் லாக்டோஸ். ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் விட்டால் ஐந்து கிராம்தான் வரும், லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் நிறையப் பேர் இந்த அளவைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் காலையில் ரெண்டு, ஆபீஸில் ரெண்டு, மதியம் தயிர், ராத்திரி ஒரு டம்ளர் பால் என்றால் கணக்கு வேறு. (தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறையும், இல்லாமல் போகாது. தயிர் சாதம் எல்லா வயிற்றுக்கும் மருந்து என்று சொல்லிக்கொடுத்து வளர்த்துவிட்டார்கள், எனக்கு அது மருந்து இல்லை.)

மூன்றாவது சிக்கரி. யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. சிக்கரி வேரில் இனுலின் என்கிற நார்ச்சத்து இருக்கிறது, வறுக்கும்போது ஒரு பங்கு சிதைந்தாலும் மிச்சம் உண்டு. அது சிறுகுடலில் ஜீரணமாகாது, பெருங்குடல் வரை போய் அங்கே பாக்டீரியா அதைத் தின்று வாயு உண்டாக்கும். அது நாலு மணி நேரம் கழித்து, ஆறு மணி நேரம் கழித்து, சில பேருக்கு அதற்கும் பிறகு. மதியம் மூன்று மணிக்கு வயிறு உப்பினால் காலைக் காபி யார் ஞாபகத்துக்கு வரும்? மதியம் சாப்பிட்ட காரக்குழம்பைத்தான் திட்டுவோம். 60க்கு 40 கலந்த தூள் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு வாரம் சிக்கரி கலக்காத தூளுக்கு மாறிப் பாருங்கள்.

வடபழனி ராஜேஷ் | செவ்வாய், காலை 8.15

இந்த நாலு மணி, ஆறு மணிக் கணக்குதான் என் வாழ்க்கை. எனக்கு உப்புசமும் மலச்சிக்கலும். போன மாதம் ஒரு ரிசப்ஷன், ராத்திரி ஒன்பது மணிக்குப் பந்தியில் உட்கார்ந்து பரோட்டா, காளான் பிரியாணி, வெங்காயப் பச்சடி எல்லாம் ரசித்துச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்தால் வயிறு மத்தளம் மாதிரி, பேண்ட் பட்டன் போட முடியவில்லை. மனைவி ரெண்டு இட்லி வைத்தார், சாப்பிட்டதும் வலி உச்சத்துக்குப் போனது. அன்றிலிருந்து ஒரு மாதம் இட்லியைத் தொடவில்லை! நேற்று ராத்திரி செல்வி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பந்தி ஞாபகம் வந்தது.

நங்கநல்லூர் செல்வி | செவ்வாய், காலை 10.30

ராஜேஷ், உங்கள் பந்தி இலையை ஃபாட்மேப் பாடத்துக்குப் படமாகப் போடலாம். புதியவர்களுக்காக: ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் என்ற இருவரும் 2005இல் இந்தப் பெயரை எழுத்தில் கொண்டுவந்தார்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளிக்கிற சிறு சர்க்கரை வகைகளை ஒரே குடும்பமாகச் சேர்த்து வைத்த பெயர். பரோட்டா மைதாவிலும், வெங்காயத்திலும், பூண்டிலும் ஃப்ரக்டான். காளானில் மானிட்டால். பச்சடித் தயிரில் லாக்டோஸ். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா இவற்றில் வேறொரு வகை. ஃப்ரக்டானையும் பருப்புச் சர்க்கரையையும் உடைக்கிற என்சைம் மனிதர் யாருக்குமே கிடையாது, எல்லோருக்கும் அது பெருங்குடல் போய்த்தான் புளிக்கும். உங்கள் இட்லி வந்து சேரும்போது வீடே ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

சாம்பார் வைக்கிறவர்களுக்கு ஒன்று. சின்ன வெங்காயத்தை எடுத்துவிட்டேன், பூண்டு போடவில்லை, இருந்தும் உப்புகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகை பெரிதாக எதுவும் செய்யாது, ஆனால் தினமும் எல்லாவற்றிலும் தாராளமாகப் போடுகிற வீடு என்றால் யோசிக்கலாம். பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்கிறவர்கள் முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கிவிட்டுப் பல்லை எடுத்துவிடுங்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் வாசனை எண்ணெயில் நிற்கும், தொந்தரவு பல்லோடு போய்விடும். ரசத்தில் போட்டுவிட்டுப் பல்லை ஒதுக்கினால் பிரயோஜனம் இல்லை, அதற்குள் அது ரசத்தில் இறங்கியிருக்கும்.

பெரம்பூர் வாசகன் | செவ்வாய், மதியம் 1.20

எனக்கு 52 வயது. நாலு மாதமாகத்தான் இந்தத் தொந்தரவு. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறது, ரெண்டு தடவை ரத்தம் பார்த்தேன். மூலமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நானும் காரத்தையும் வெங்காயத்தையும் நிறுத்தினால் சரியாகுமா?

நங்கநல்லூர் செல்வி | செவ்வாய், மதியம் 1.32

ஐயா, தயவுசெய்து சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ரத்தம், தூக்கத்தைக் கலைக்கிற வயிற்றுப்போக்கு, ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, இதில் ஒன்று இருந்தாலே ஐபிஎஸ் என்று நாமாகச் சொல்லக் கூடாது, உங்களுக்கு மூன்றும் இருக்கிறது. இந்த வாரமே காட்டுங்கள். பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான், அங்கே குடல் நோய்க்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. போய் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

குரோம்பேட்டை கார்த்தி | செவ்வாய், இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. திங்கள் காலைக்கு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன், ஞாயிறு என்பதால் சப்பாத்தியும் சன்னாவும். இன்னொரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கடைப் பொங்கலை வாங்கி வந்து வீட்டில் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. ரயில் ஏறும் நாளில்தான் ஆகிறது. அப்படியென்றால் எல்லாம் என் மனசுதானா? முன்பு ஒரு மருத்துவர் அப்படித்தான் சொன்னார், யோசிக்கிறதை நிறுத்துங்கள் சரியாகிவிடும் என்றார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

நங்கநல்லூர் செல்வி | செவ்வாய், இரவு 10.40

இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

2017இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் வெளிவந்த ஆய்வில், ஐபிஎஸ் இருக்கிறவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அதே இனுலினைக் கொடுத்து எம்ஆர்ஐயில் குடலைப் பார்த்தார்கள். வாயு ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரிதான் உண்டானது. வலியும் உப்புசமும் ஐபிஎஸ் இருக்கிறவர்களுக்குத்தான் கூடுதல். அதாவது நம் குடல் ஏதோ அதிகமாக வாயு உண்டாக்குகிறது என்பதில்லை, அதே அளவு விரிவை நம் குடல் நரம்பு வலியாக உணர்கிறது. இதைக் கற்பனை என்று சொல்கிறவருக்குக் குடல் தெரியாது.

ரயில் விஷயமும் அதே நரம்புதான். ஓடுகிற வண்டியில் டாய்லெட் இல்லை என்று தெரிந்தாலே மூளை குடலுக்குச் சேதி அனுப்பிவிடும், பெருங்குடல் அங்கேயே சுருங்க ஆரம்பிக்கும். நீங்கள் பயந்தது நிஜம், குடல் சுருங்கியதும் நிஜம். காலையில் அரை மணி முன்னால் எழுந்து, வீட்டிலேயே காபி குடித்துவிட்டு, அது செய்கிற வேலையை வீட்டு டாய்லெட்டில் செய்ய விட்டுவிட்டு அப்புறம் கிளம்புங்கள். எனக்கு மாத்திரையைவிட அதிகம் உதவியது அந்த அரை மணிதான்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். சாப்பிட்ட நேரம், அளவு, வயிற்றில் என்ன, எத்தனை மணிக்கு, தூக்கம் எப்படி, அன்றைக்குப் பதற்றம் ஏதாவது உண்டா. தொந்தரவு வந்த நேரத்திலிருந்து பின்னால் ஒரு முழு நாளைப் பாருங்கள், முடிந்தால் ரெண்டு நாள். ஒரே தடவை வந்ததை எழுதி வையுங்கள், ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், மூன்று நாலு தடவை அதே ஜோடி வந்தால்தான் சந்தேகப்படலாம். நிறுத்திப் பார்ப்பதென்றாலும் ரெண்டிலிருந்து ஆறு வாரம்தான், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஒரு பொருளை மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், எடை குறைந்திருப்பதால் உங்களுக்கு அது ரொம்ப அவசியம்.

ஆவடி மீனா | வெள்ளி, மாலை 5.15

செல்வி, பீட்ரூட் 17 மணி நேரம். மாமியாரிடமும் சொன்னேன்.

பெரம்பூர் வாசகன் | அடுத்த புதன், காலை 9.00

காட்டிவிட்டேன் அம்மா. கொலனோஸ்கோபிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தது, மகன் லீவு போட்டு வருகிறேன் என்கிறான்.

குரோம்பேட்டை கார்த்தி | நாலு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 19 நாள் ரயில் ஏறினேன், கிண்டியில் அவசரமாக இறங்கியது 5 நாள். அந்த ஐந்தில் நாலு நாள் முந்தின ராத்திரி சப்பாத்தியோடு சன்னா, அல்லது வெங்காயத் தொக்கு. ஐந்தாவது நாள் ஆபீஸில் பெரிய கிளையண்ட் மீட்டிங், முந்தின ராத்திரி சாப்பிட்டது வெறும் இடியாப்பம். பொங்கலை நாலு தடவை சாப்பிட்டேன், வடை இல்லாமல், பாதி அளவு, ஒன்றும் ஆகவில்லை. காபி மட்டும் இன்னும் பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறது, அதை வீட்டிலேயே முடித்துக்கொள்கிறேன். மருத்துவரிடம் எடையைச் சொன்னேன், தைராய்டும் வேறு சில ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு கிலோ ஏறியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி அம்மா பூண்டைத் தட்டாமல் முழுசாக எண்ணெயில் வதக்கி, பல்லை ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்து அப்பா தட்டில் வைத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே எனக்கு மிளகு ரசம் தாளித்தார். பூண்டு வாசனையோடு சோறு தின்று எட்டு மாதம் ஆயிற்று. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நாளையிலிருந்து இட்லியைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன். முதல் நாள் ரெண்டு, அப்புறம் மூன்று, அப்புறம் நாலு. சரிதானே அக்கா?

நங்கநல்லூர் செல்வி | ஞாயிறு, மாலை 6.41

சரிதான் தம்பி. ஆனால் மூன்று நாளும் சாம்பார் வேண்டாம், இட்லி செய்ததா சாம்பார் செய்ததா என்று தெரியாமல் போய்விடும். தேங்காய் சட்னி போதும். பொட்டுக்கடலை போடாமல் அரைக்கச் சொல்லுங்கள்.